எண்பத்தேழில் ஒரு பங்கு

இன்னும் விடியவில்லை. விளக்கைப் போட்டதும் மேசைமேல் வெறும் பலகை. மூன்று மீட்டர் நீளம்.

உள்ளங்கையை வைக்கிறேன். மரம் குளிர்ந்திருக்கிறது.

இன்று எதையும் ஒட்டவில்லை.

*

ஒரு புகைப்படம். உள்ளங்கை அளவு. பழைய பேப்பர் கடையில், யாருடைய கல்யாண ஆல்பத்துக்குள்ளோ செருகிக் கிடந்தது. பின்புறம் பென்சில் எழுத்து: ஹில்குரோவ், 1953.

எடுத்தவர் பெயர் இல்லை.

மலை ரயில் நிற்கிறது. இன்ஜின் கீழ்ப்பக்கம், மேட்டுப்பாளையத்தைப் பார்த்த கடைசியில். நீலகிரி ஏற்றத்தில் இன்ஜின் இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. முன் பெட்டியின் முகப்பில் ஒரு பிரேக்ஸ்மேன். கையில் சுருட்டிய கொடி. பிளாட்பாரத்தில் நான்கு பேர். ஓரத்தில் ஒரு டீக்கடை. கடையின் விலைப் பலகையைப் பாதி மறைத்தபடி ஒருவரின் தோள்.

இந்தக் காட்சியை எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் செய்யத் தொடங்குகிறேன்.

*

1953.

அந்த ஆண்டுக்குள் போய் உட்கார்ந்து பார்க்கிறேன். என்ன இருக்கிறது. என்ன இன்னும் வரவில்லை.

தெற்கு ரயில்வேக்கு இரண்டு வயது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலை 1952-ல் செய்து அனுப்பிய எக்ஸ் வகை இன்ஜின்கள் மலைக்குப் புதியவை. மாநிலத்தின் பெயர் மதராஸ். கணக்கு அணாவில். நயா பைசா வர நான்கு ஆண்டுகள் இருக்கின்றன.

பிளாட்பாரத்தில் பிளாஸ்டிக் என்று ஒன்றுகூட இல்லை. என் மேசையில் பாதிப் பொருள் பிளாஸ்டிக்.

*

எண்பத்தேழால் வகுக்கிறேன். நாள் முழுக்க அதுதான்.

ஐந்தரை அடி ஆள், 19 மில்லிமீட்டர்.

ஒரு செங்கல், அரிசியில் பாதி.

ஒரு கிலோமீட்டர், பதினொன்றரை மீட்டர்.

ஒரு மழைத்துளியை வகுக்கப் பார்க்கிறேன். விட்டுவிடுகிறேன்.

*

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர். பாலங்கள் 250. வளைவுகள் 208. குகைகள் 16. எண்பத்தேழில் ஒரு பங்காக்கினாலும் அரைக் கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது.

என்னிடம் இருப்பது மூன்று மீட்டர். அசலில் 261 மீட்டர். ஒரு நிலையம், ஒரு வளைவு, ஒரு சிறு பாலம்.

கல்லாற்றின் பாக்குத் தோப்பு இதற்குள் வராது. குன்னூர் வராது. தேயிலையும் வராது.

அவை பலகையின் இரண்டு முனைகளுக்கும் அப்பால் இருக்கின்றன.

*

தண்டவாளங்களுக்கு நடுவே அகலம், அசலில் ஒரு மீட்டர். எண்பத்தேழால் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் பாதை பன்னிரண்டு.

அரை மில்லிமீட்டர் கூடுதல்.

மலையில் அது இரண்டு விரற்கடை அகலம். இரண்டு விரற்கடை கூடினால் சக்கரம் பாதைக்குள் இறங்கிவிடலாம்.

இரவு படுத்தபிறகும் அந்த அரை மில்லிமீட்டர் விழித்திருக்கிறது. காலையில் கடைப் பாதையைப் பெட்டிக்குள் திருப்பி வைக்கிறேன். வெறும் தண்டவாளத் துண்டுகளை எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு சிலீப்பராக, கையால்.

*

ரசமட்டத்தைப் பலகைமேல் வைக்கிறேன்.

பன்னிரண்டரை அடி போனால் ஓரடி ஏற்றம். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் நடுவில் பாதை அப்படி ஏறுகிறது. என் பலகையில் நிலையத்துக்கு ஒரு மீட்டர். ஏற்றத்துக்கு இரண்டு. இரண்டு மீட்டரில் பதினாறு சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை.

கண்ணுக்கு இது சரிவாகவே தெரியவில்லை. ஒரு கோலிக்குண்டை மேல் முனையில் வைத்துக் கையை எடுக்கிறேன்.

சுவர்வரை ஓடி, சத்தத்துடன் நிற்கிறது.

ரசமட்டத்தின் குமிழி மேட்டுப் பக்கம் ஒதுங்கியே இருக்கிறது.

*

பல் தண்டவாளம்.

இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு எஃகுப் பட்டைகள். இரண்டுக்கும் நடுவே 44 மில்லிமீட்டர் இடைவெளி. ஒவ்வொரு பட்டையிலும் 120 மில்லிமீட்டருக்கு ஒரு பல். ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் மற்றப் பட்டையில் பள்ளம்.

நிக்லாஸ் ரிகன்பாக் என்ற சுவிஸ் பொறியாளரின் பாதை ஏணியைப் படுக்கவைத்ததுபோல் இருக்கும். ஒரே வரிசைப் படிகள். அவரிடம் வேலை பார்த்தவர் ரோமன் ஆப்ட். 1882-ல் ஏணியை விட்டுவிட்டு, பற்களை இரண்டு வரிசையாக்கி, ஒன்றை அரைப் பல் தள்ளிவைக்கிறார்.

ஒரு பல் விடுகிறபோது இன்னொரு பல் பிடித்திருக்கிறது.

இந்த வரியை எழுதிவிட்டு நெடுநேரம் சும்மா இருக்கிறேன்.

*

120-ஐ வகுத்தால் 1.38.

44-ஐ வகுத்தால் அரை மில்லிமீட்டர்.

பித்தளைத் தகட்டை அமிலத்தில் அரித்துப் பல் எடுத்தாகிவிட்டது. ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் பிசிறு. ஊசி அரத்தால் எடுக்கவேண்டும். மூன்று மீட்டருக்கு, இரண்டு பட்டைகளிலும் சேர்த்து, ஏறத்தாழ 4,350 பற்கள்.

ஒரு மாலைக்கு அறுபது.

*

ஏழாம் மாலை. எண்ணுகிறேன்.

பத்தொன்பதாம் மாலை. எண்ணிக்கை தானாக நின்றுவிட்டது. அரம் போகிறது, வருகிறது. பித்தளைத் தூள் விரல்நுனியில் மஞ்சளாகப் படிகிறது. விரலை முகர்ந்தால் பழைய நாணயத்தின் வாசனை.

முப்பத்திரண்டாம் மாலை. மின்சாரம் இல்லை. இருட்டில் விரலால் தடவிப் பார்க்கிறேன். எது முடிந்தது, எது முடியவில்லை என்று விரல் சொல்கிறது.

*

இத்தனை பற்களையும் யாரும் பார்க்கப்போவதில்லை. கூடத்தில் நிற்பவர் கண்ணுக்கு அது பாதை நடுவில் ஒரு பழுப்புக் கோடு.

அரம் போகிறது. வருகிறது.

*

மலையிலிருந்து கொண்டுவந்த ஒரு கல். நீலம் கலந்த சாம்பல். நீலகிரியின் உடம்பு இந்தச் சார்னோகைட் பாறை.

அதைப் பாலத்தின் அருகே வைக்கிறேன். பொய்யாகத் தெரிகிறது. கல்லின் மணி பெரியது. எண்பத்தேழு மடங்கு பெரிய மலையிலிருந்து உருண்டு வந்ததுபோல் நிற்கிறது.

பாரிஸ் சாந்தைக் குழைத்து, கசக்கிய அலுமினியத் தாளில் ஊற்றி, காயவிட்டு, நீலமும் சாம்பலும் நீர்க்கக் கரைத்து மேலே விடுகிறேன். வண்ணம் வெடிப்புகளைத் தேடி இறங்குகிறது. பாறையாகத் தெரிகிறது.

அசல் கல் ஜன்னலோரம் இருக்கிறது. வெயில் அதன்மேல் நகர்கிறது.

*

மண்ணுக்கு டிகாக்‌ஷன் சக்கை. மூன்று நாள் வெயிலில் உலர்த்தி, மல்துணியில் சலிக்கிறேன்.

அறை முழுக்கக் காலை மாதிரி மணக்கிறது.

*

செடிகள். உன்னிச்செடிக்கு ஸ்பாஞ்சுத் துணுக்கு. புல்லுக்குச் சணல் நார். பெரிய மரத்துக்குச் செம்புக் கம்பியை முறுக்கி, பிரித்து, மறுபடி முறுக்குகிறேன்.

பச்சை மிகையாக இருக்கிறது. தூரம் பச்சையைக் கொஞ்சம் குடித்துவிடும். அடுப்புச் சாம்பலை ஊதித் தூவுகிறேன்.

மரம் இரண்டடி பின்னால் போய் நிற்கிறது.

*

பனிமூட்டம்.

பஞ்சைப் பிரித்து வைத்துப் பார்க்கிறேன். பஞ்சு பஞ்சாகவே இருக்கிறது.

எடுத்துவிடுகிறேன்.

*

ஐப்பசி மழை. ஓட்டின்மேல் விழும் சத்தத்தில் மற்றச் சத்தங்கள் இல்லாமல் போகின்றன.

செய்தித்தாளில் நான்கு வரி. கல்லாற்றுக்கும் ஹில்குரோவுக்கும் இடையே மண்சரிவு. தண்டவாளத்தின்மேல் பாறைகள். மலை ரயில் ரத்து.

என் பலகையில் மண் ஈரமாக இருக்கிறது. பசை இன்னும் காயவில்லை.

இரண்டு இடத்திலும் ரயில் இல்லை.

*

படத்தை லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன். விலைப் பலகை.

மேல் வரியில் டீ, காபி. கீழ் வரியில் ஒரு சொல்: அணா. அதற்கு முன்னால் இருக்கவேண்டிய எண்ணைத் தோள் மறைக்கிறது.

அந்த ணா பழைய ணா. கால் தனியாக நிற்பதில்லை. ண-வின் வலக்கோடே கீழே இறங்கிச் சுழிக்கிறது. விலை என்று எழுதினால் அந்த லை-யும் அப்படித்தான். யானைத் துதிக்கைபோல் முன்னால் வளையும். 1978-ல் அரசாணை வந்து, பாடநூல்களில் இந்தச் சுழிகள் நேரானவரை எல்லோரும் எழுதியது இப்படி.

பலகை எழுத்தின் உயரம் என் அளவில் ஒரு மில்லிமீட்டர். பிரஷ்ஷின் மயிர்களை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டு இரண்டை மட்டும் மீதம் வைக்கிறேன். மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு வருவதற்குள் ஓர் எழுத்து.

முதல் ஆறு பலகைகள் வீண். ஏழாவதில் கை தானாகச் சுழிக்கிறது. ஒன்றாம் வகுப்பில், சிலேட்டில், இதே சுழியை எழுதிய கை. நான் மறந்திருந்தது அதற்கு நினைவிருக்கிறது.

அணா போய்விட்டது. அதை எழுதிய ணா-வும் போய்விட்டது. ஒரு மில்லிமீட்டரில் இரண்டும் ஈரமாக மினுங்குகின்றன.

*

எண்.

ஒன்று என்று எழுதலாம். இரண்டு என்று எழுதலாம். எதை எழுதினாலும் கேட்பவர் இல்லை. எண்பத்தேழில் ஒரு பங்கு எண்ணை யார் படிக்கப்போகிறார்கள்.

பிரஷ்ஷை நனைக்கிறேன். துடைக்கிறேன். வைத்துவிடுகிறேன்.

அணாவுக்கு முன்னால் பலகை வெறுமையாக இருக்கிறது. படத்தில் இருக்கிற அதே இடத்தில் அதே ஆளை நிறுத்துவேன். அவர் தோள் மறைக்கட்டும்.

*

மனிதர்கள்.

ஈயக்கம்பியில் எலும்பு, அதன்மேல் களிமண் பூச்சு. தலைப்பாகை ஒருவருக்கு. சால்வை ஒருவருக்கு. குல்லாய் போட்ட ஒரு கிழவர். நான்காமவர் முதுகைக் காட்டி நிற்கிறார். அவருடையதுதான் அந்தத் தோள். கம்பளிக் கோட்டாக இருக்கலாம். மடிப்பு கனமாக விழுகிறது.

19 மில்லிமீட்டர் ஆளுக்குக் கண் வரைந்தால் பொம்மை ஆகிவிடுகிறார். வரையாமல் விட்டால் யாரையோ பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

*

முதுகு காட்டுபவரை நான்கு முறை செய்து அழிக்கிறேன்.

என்ன வாங்குகிறார். யாருக்கு. ரயிலில் வந்தவரா, நிலையத்தில் வேலை பார்ப்பவரா. அவர் திரும்பியிருந்தால் எனக்கு எண் கிடைத்திருக்கும். திரும்பவில்லை. அவருக்கு அப்போது டீ வேண்டியிருக்கிறது.

ஐந்தாம் முறை தோள் சரியாக வருகிறது. இடது தோள் கொஞ்சம் தாழ்ந்து. அந்தக் கையில் படத்துக்குத் தெரியாத ஏதோ ஒரு பாரம்.

*

கொடி.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. முன்பெட்டிக்காரர்தான் பாதையைப் பார்ப்பவர். டிரைவர் பின்னால் இருக்கிறார், அவருக்கு முன்னால் பெட்டிகள்தான் தெரியும். முன்னால் நிற்பவர் காட்டும் சிவப்பையும் பச்சையையும் நம்பித்தான் அத்தனை எடையும் மேலே போகிறது.

கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்.

நல்லவேளை, சுருட்டியிருக்கிறார். சுருட்டிய கொடிக்குச் சாம்பல் போதும்.

*

எறும்பு ஒன்று பல் தண்டவாளத்தில் ஏறுகிறது. இந்த அளவில் அது ஒரு பூனை.

ஹில்குரோவில் நிற்கவில்லை.

*

இன்ஜின்.

இரண்டு பக்கமும் மேலொன்று கீழொன்றாகச் சிலிண்டர்கள். ஆக நான்கு. கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் கீழ்ச் சிலிண்டருக்குப் போய்த் தண்டவாளச் சக்கரங்களைச் சுற்றுகிறது. அங்கே முழு வலுவும் தீர்வதில்லை. மீந்த நீராவி மேல் சிலிண்டருக்கு ஏறுகிறது. அதற்கு வலு குறைவு. அது பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. குன்னூரைத் தாண்டியதும் பல் இல்லை. மேல் சிலிண்டருக்கு வேலை இல்லை.

ஒரே மூச்சு, இரண்டு வேலை.

மேல் தண்டும் கீழ்த் தண்டும் ஒரே தாளத்தில் போவதில்லை. அதை என் இன்ஜினில் கொண்டுவர ஒரு மாதம் ஆகிறது. சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கும் பல்லிணைப்பு. சாமணத்தால் வைக்கிறேன். விழுகிறது. தரையில் படுத்து, டார்ச்சைக் கிடைமட்டமாகப் பிடித்துத் தேடுகிறேன். தூசிக்கெல்லாம் நீள நிழல். ஒரு நிழலுக்கு மட்டும் பல் இருக்கிறது.

*

வேகம்.

பல் தண்டவாளத்தில் இந்த ரயில் மணிக்குப் பத்துக் கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். நான் கணக்கிடுகிறேன். நொடிக்கு மூன்று சென்டிமீட்டர், அதற்குச் சற்றுக் கூட. மூன்று மீட்டரைக் கடக்க ஒன்றரை நிமிடம்.

மோட்டாருக்கு மெதுவாகப் போகத் தெரியவில்லை. ஓடுகிறது, அல்லது நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருப்பதை அதற்குக் கற்றுக்கொடுக்கவேண்டும்.

மோட்டாரை மாற்றுகிறேன். பல்லிணைப்பை மாற்றுகிறேன். சக்கரத்தில் படிந்த கண்ணுக்குத் தெரியாத பிசுக்கைத் துடைக்கிறேன். ஈயப் பற்று ஒன்றை உருக்கி மறுபடி வைக்கிறேன்.

ஒரு பின்னிரவில் ரயில் நகர்கிறது. நகர்கிறதா என்று தெரியவில்லை. பிரேக்ஸ்மேனின் தலையை ஒரு மரத்தோடு ஒட்டிப் பார்க்கிறேன். தலை மரத்தை விட்டு விலகுகிறது.

*

ஒன்றரை நிமிடம் ஒரு பொருளைப் பார்க்கிறேன். நடுவில் மனம் மூன்று முறை வெளியே போய்விட்டு வருகிறது. மின்கட்டணம். அம்மாவின் மருந்து. எப்போதோ பேசிய ஒரு பேச்சு.

திரும்பி வரும்போதெல்லாம் ரயில் கொஞ்சம் மேலே இருக்கிறது.

*

மலையில் பாதை வெட்டியவர்களின் படம் ஏதும் என்னிடம் இல்லை. 1891-ல் வேலை தொடங்குகிறது. 1899-ல் குன்னூர்வரை ரயில். 1908-ல் உதகமண்டலம்வரை. நடுவில் உள்ள ஆண்டுகளில் பாறையைத் துளைத்தவர்கள், காய்ச்சலில் படுத்தவர்கள், ஜல்லி சுமந்த பெண்கள்.

என் பலகை 1953. அவர்களை அதில் நிறுத்த இடமில்லை.

பாலத்தின் கல்கட்டை உளியால் கொத்தும்போது கை வேகம் குறைகிறது. ஒவ்வொரு கல்லையும் தனியாகக் கொத்துகிறேன். அச்சு எடுத்து வார்த்தால் ஒரு நாளில் முடியும்.

*

அட்டையில் எழுதவேண்டும். நூலகத்தில் காட்சிக்கு வருபவர்கள் படிக்க.

முதலில் நாற்பது வரி. இன்ஜின், சிலிண்டர், ஆப்ட், அரை மில்லிமீட்டர், 2005-ல் யுனெஸ்கோ கொடுத்த உலகப் பாரம்பரியச் சிறப்பு.

மறுநாள் இருபது வரி.

பிறகு ஆறு.

ஹில்குரோவ், 1953. அதற்குக் கீழே: படம் எடுத்தவருக்கு நன்றி.

*

பலகையை நடுவில் இரண்டாகப் பிரிக்கிறேன். டாடா ஏஸில் முழு நீளத்தில் ஏறாது. பழைய புடவைகளைச் சுற்றுகிறேன். மனிதர்களைப் பெயர்த்து, தீப்பெட்டிகளில் பஞ்சு வைத்துப் படுக்கவைக்கிறேன்.

பிளாட்பாரத்தில் நான்கு பசைப் புள்ளிகள்.

வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏறி இறங்குகிறது. என் வயிறு ஒவ்வொன்றுக்கும் முன்பே ஏறி இறங்குகிறது.

*

நூலக மண்டபம். புழுக்கம். பழைய காகித வாசனை.

இரண்டு பலகைகளையும் சேர்க்கிறேன். தண்டவாளம் தண்டவாளத்தோடு சேர்ந்துவிடுகிறது. பற்கள் சேரவில்லை. இணைப்பில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே ஒரு தலைமுடி அளவு கூடுதல். திருகாணியைக் கால் சுற்று முடுக்குகிறேன். ஓட்டிப் பார்க்கிறேன். இன்ஜின் அந்த இடத்தில் ஒரு சின்னக் குலுக்கலுடன் தாண்டுகிறது.

இன்னும் கால் சுற்று.

குலுக்கல் இல்லை. இருந்த இடம் எனக்குத் தெரியும்.

*

மேசையின் உயரம் பற்றிப் பேச்சு. பெரியவர்களுக்கு வசதியாக இடுப்பளவு வைக்கலாம் என்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் கூரைதான் தெரியும், பொம்மை ஊர். குழந்தை நின்றால் கண்ணுக்கு நேராகப் பிளாட்பாரம் வரவேண்டும் என்று எனக்கு. அந்த உயரத்தில் மலை மேலே போகும்.

குழந்தையின் உயரத்தில் வைக்கிறோம். பெரியவர்கள் குனிகிறார்கள். சிலர் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கண்ணாடி வேண்டாம் என்று முடிவாகிறது. ஒரு கயிறு மட்டும்.

*

மேல் முனையில் கறுப்புத் துணி. ரயில் அதற்குள் போய் நிற்கிறது. சற்று நேரம் மேசையில் மலை மட்டும். பிறகு அதே மெதுவில் இறங்கி வருகிறது, இன்ஜின் கீழ்ப்பக்கமாகவே.

ரயில் உள்ளே இருக்கும் நேரத்தில் சிலர் போய்விடுகிறார்கள்.

சிலர் அந்த நேரத்தில்தான் மரங்களைப் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

*

"நிக்குதா, போகுதா?"

ஒரு சிறுவன். பதிலுக்குக் காத்திராமல் கயிற்றில் தாடையை வைத்துக்கொண்டு பார்க்கிறான்.

*

ஒரு அம்மா, மகளிடம் தணிந்த குரலில். "மூன்றாம் பிறையில கடைசியா வருமே, அந்த ஸ்டேஷன்."

அது கேத்தி. குன்னூரைத் தாண்டி, பல் தண்டவாளம் முடிந்து, இன்னும் மேலே. படம் வந்தது 1982-ல். இந்தப் பலகையிலிருந்து இருபது கிலோமீட்டரும் இருபத்தொன்பது ஆண்டுகளும் தள்ளி.

சொல்லலாம். அந்த அம்மாவின் கண் ரயில் போன துணியையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

சொல்லவில்லை.

*

மதியம். கூட்டம் இல்லை. மின்விசிறிச் சத்தம்.

ஒரு முதியவர். வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான்வரை போட்டிருக்கிறார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கிறார். ரயில் துணிக்குள் போகிறது. வருகிறது. அவர் நகரவில்லை.

இறங்கும்போது, வளைவுக்கு முன்னால், அவர் வலது கை முன்னால் வருகிறது. மார்பு உயரத்தில் எதையோ பிடித்ததுபோல் விரல்கள் மடிகின்றன. மணிக்கட்டு மெல்லத் திரும்புகிறது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

ரயில் வளைவைத் தாண்டுகிறது. கை தளர்கிறது.

எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்க எழுகிறேன். வாசலில் வெயில். அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார்.

உட்கார்ந்துவிடுகிறேன்.

*

துணிக்குள் போன ரயில் வரவில்லை. ஐந்து நிமிடம். பத்து.

துணியைத் தூக்கிப் பார்க்கிறேன். ஒரு பல்லில் நூலிழை. புடவையிலிருந்து வந்தது. நீல நூல்.

சாமணத்தால் எடுக்கிறேன். ரயில் தானாகவே நகரத் தொடங்குகிறது.

*

தூசி.

காலையில் பிளாட்பாரத்தில் மெல்லிய சாம்பல் படிந்திருக்கிறது. கூரையில், இலைகளில், குல்லாயில். ஒட்டக மயிர் பிரஷ்ஷால் ஒற்றி எடுக்கிறேன். தூரத்து மரங்களில் மட்டும் விட்டுவிடுகிறேன்.

பனிமூட்டம்போல் இருக்கிறது. பஞ்சால் வராதது.

*

எட்டாம் நாள். மண்டபம் திறக்குமுன்.

முதுகு காட்டி நிற்பவர் விழுந்து கிடக்கிறார். பசை விட்டிருக்கிறது. இரவில் கனமான லாரி ஏதாவது போயிருக்கலாம். முகம் தரையைப் பார்க்க, தோள் மட்டும் கொஞ்சம் உயர்ந்து.

விலைப் பலகை முழுதாகத் தெரிகிறது. டீ, காபி. கீழே அணா. அதற்கு முன்னால் எழுதாமல் விட்ட இடம். நான் நினைத்ததைவிட அகலமாக இருக்கிறது.

லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன். அந்த இடத்தில் மரத்தின் ரேகை தெரிகிறது. வண்ணம் அங்கே கொஞ்சம் மெலிந்திருக்கிறது.

*

சாமணம். ஊசிமுனையில் ஒரு துளிப் பசை.

அவரை எடுக்கிறேன். பாதத்துக்கு அடியில் பழைய பசையின் கண்ணாடிச் சில்லு. சுரண்டுகிறேன். பிளாட்பாரத்தில் அவருடைய இரண்டு தடங்கள் அப்படியே இருக்கின்றன.

நிறுத்துகிறேன். இடது தோள் கொஞ்சம் தாழ்ந்து.

வெளியே யாரோ வாசல் கூட்டுகிறார்கள். தென்னந்துடைப்பச் சத்தம் வந்து, நின்று, வருகிறது.

பசை பிடிக்கும்வரை கை அசையக் கூடாது. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பி, மூச்சை விடுகிறேன்.